அடையாறு உடைந்த பாலம்: கட்டினால் எவ்வளவு அகலம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வீடு மந்தைவெளி, வேலை திருவான்மியூர். தினமும் காலையில் சத்யா ஸ்டுடியோ நிறுத்தத்தில் இருந்து அடையாறு சிக்னல் வரை வண்டியில் ஒரு காலை ஊன்றி ஊன்றி நகர்கிறவன். அதனால் பட்டினப்பாக்கத்தில் இருந்து பெசன்ட் நகருக்கு நேராக ஒரு பாலம் வரப்போகிறது என்று யாராவது கிளப்பிவிடும்போதெல்லாம் எனக்குள் ஒரு ஆள் கைதட்டுவான். அந்த ஆள் சொல்வதை இந்தக் கட்டுரையில் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு உடைந்த பாலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆனால் பலரும் அதை சினிமாவிலும் கல்யாண போட்டோவிலும் பார்த்ததோடு சரி. ஊரூர் குப்பம் வழியாக, பிரம்மஞான சபையின் மதிலை ஒட்டி வடக்கே நடந்தால் மணலுக்கு நடுவில் திடீரென்று ஒரு சிமெண்ட் பாதை எழும்பி அடையாற்றின் மேல் போகும், போய், பாதியில் நின்றுவிடும். முனையில் கம்பிகள் துருப்பிடித்து வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், கைப்பிடிச் சுவர் முழுக்கக் காதலர் பெயர்கள். கீழே ஒருவர் வீச்சு வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பார். எதிர்க்கரையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடியிருப்புகள் தெரியும், கொடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரியும் தூரம்தான். அங்கே போக வேண்டுமென்றால் பெசன்ட் அவென்யூ, அடையாறு, திரு.வி.க. பாலம், தினகரன் சாலை என்று ஐந்தாறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

அந்தப் பாலம் 1967இல் கட்டப்பட்டது. இரண்டு கரை மீனவர்களும் போய்வரத்தான். 1977இல் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அதாவது இருந்த காலம் பத்து வருஷம், உடைந்து கிடக்கும் காலம் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். குடிகாரர்களுக்கும் ஷூட்டிங்காரர்களுக்கும் அது பயன்பட்டது, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று போலீஸ் அவ்வப்போது விரட்டுவதும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பாலம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் இரண்டு கரைக் குப்பத்திலும் பாதிப் பேர் ஆம், பாதிப் பேர் இல்லை என்பார்கள். ஆனால் கொஞ்சம் நின்று பேசிப் பார்த்தால், ஆம் என்கிறவர் மனதில் இருக்கும் பாலமும் இல்லை என்கிறவர் மனதில் இருக்கும் பாலமும் ஒரே பாலம் இல்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோய் பெசன்ட் நகரில் மீன் விற்றுவிட்டு வர நினைக்கிற அக்காவுக்கு ஒரு நடைபாதை கண்ணில் தெரிகிறது. மணலில் வலை உலர்த்தும் அண்ணனுக்கு அதே வார்த்தையைச் சொன்னால் நான்கு வழிச்சாலை கண்ணில் தெரிகிறது. இரண்டு பேரும் சரியாகத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் இத்தனை வருஷத்தில் பாலம் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு சாமான்கள் இந்த ஊரில் பேசப்பட்டிருக்கின்றன.

பெரியதில் இருந்து தொடங்குகிறேன், அதை முடிவு செய்வது சுலபம்.

2010ஐ ஒட்டி ஒரு திட்டம் வந்தது. கலங்கரை விளக்கத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை கடற்கரையை ஒட்டியே சுமார் பத்து கிலோமீட்டருக்குத் தூண்கள் மேல் ஒரு உயர்மட்டச் சாலை. மீனவர்கள் கொதித்தார்கள், கடற்கரையைக் காக்க வேண்டும் என்று நகரத்தில் பலர் சேர்ந்துகொண்டார்கள், திட்டம் அப்படியே படுத்துவிட்டது. 2025இல் மறுபடி எழுந்து வந்தது, இந்த முறை கடலுக்குள்ளேயே, கலங்கரை விளக்கம் முதல் நீலாங்கரை வரை சுமார் 15 கிலோமீட்டர் கடல் பாலமாக.

மும்பையில் பாந்த்ரா–வொர்லி கடல் பாலம் 2009இல் திறந்தபோது நம்ம ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் தெரிந்தது, அதில் பைக் போக முடியாது, ஆட்டோ போக முடியாது, நடந்தும் போக முடியாது. அதாவது என் ஸ்கூட்டருக்கே அங்கே அனுமதி இல்லை, டிவிஎஸ் 50இல் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு போகிற மீன்காரருக்கு எங்கிருந்து இருக்கும்? பக்கத்திலேயே அப்புறம் வந்த கடற்கரைச் சாலைப் பாலத்தில் இன்னொரு சண்டை. வொர்லி கோலிவாடா மீனவர்களின் படகுகள் இரண்டு தூணுக்கு நடுவே புகுந்து போக வேண்டும், திட்டத்தில் இருந்த இடைவெளி 60 மீட்டர், காற்றும் அலையும் அடிக்கிற நேரத்தில் அது போதாது என்று வருஷக்கணக்கில் போராடி, கடைசியில் 120 மீட்டராக மாற்ற வைத்தார்கள். நம் கரையில் ஃபைபர் படகுகள் ஓடுவதும் வலை விடுவதும் கரையை ஒட்டிய கடலில்தான். அந்தக் கடலைப் பெரிய விசைப்படகுகள் வந்து அரிக்கக்கூடாது என்றுதான் 1983இலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். அதே இடத்தில் தூண் நட்டால் அந்தச் சட்டத்துக்கு என்ன அர்த்தம்? குப்பங்களை இணைப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது குப்பங்களைத் தாண்டிப் போவதற்கான பாலம். நீலாங்கரையில் வீடு வைத்திருப்பவர் இதை வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் மீனவர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம். என் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிட்டேன்.

அடுத்தது நடுத்தரமானது, நிஜமான சண்டை இங்கேதான். உடைந்த பாலம் இருக்கும் அதே இடத்தில், கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் வரை கடற்கரையை ஒட்டி ஓடும் லூப் சாலையை நீட்டி, கார் போகிற அகலத்தில் ஒரு பாலம். ஆற்றின் மேல் சில நூறு மீட்டர்தான், பொறியியலுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. 1977இல் விழுந்ததே, இதுவும் விழும் என்று சிலர் சொல்கிறார்கள், அந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. அன்றைய அடித்தளம் வேறு, இன்று எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் துளைபோட்டுத் தூண் இறக்குகிறார்கள், 2024இல் மெட்ரோக்காரர்கள் இதே அடையாற்றின் அடியில் சுரங்கமே குடைந்து மறுகரை ஏறிவிட்டார்கள்.

ஆற்றின் மேல் இருக்கும் பகுதி எனக்குப் பிரச்சினையாகப் படவில்லை. பாலம் இரண்டு பக்கமும் எங்கே இறங்கும் என்பதைப் பாருங்கள். வடக்கே இறங்கினால் சீனிவாசபுரம். 2004 சுனாமியில் அடிபட்டு, அதற்கப்புறம் கடல் அரிப்பிலும் வீடுகளை இழந்த இடம், மிச்சமிருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எப்போது எந்த சன்ஷேட் விழும் என்று அண்ணாந்து பார்த்தே நடக்க வேண்டியிருக்கிறது. தெற்கே இறங்கினால் ஒரு பக்கம் பிரம்மஞான சபையின் மதில், மறுபக்கம் கடல், நடுவில் ஊரூர் ஆல்காட் குப்பம். சாலைக்கு இடம் எங்கே இருக்கிறது? சபைக்காரர்கள் 1882இல் வந்து உட்கார்ந்த தோட்டத்தில் ஒரு அடி எடுக்க எந்த அதிகாரியும் துணியமாட்டார். மிச்சம் இருப்பது படகு ஏற்றி வைக்கும் மணலும் வலை உலர்த்தும் மணலும்தான். வரைபடத்தில் அந்த இடம் காலியாகத் தெரியும், அதுதான் கஷ்டம். விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள், காலியாக இருக்கிறதா என்று.

சரி, சாலை வந்தால்தான் என்ன, அவர்களுக்கும் வசதிதானே என்று கேட்கிறவர்கள் லூப் சாலைக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நொச்சிக்குப்பத்தின் வாசலில் ஓடும் சாலை அது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் படகு, குறுக்கே நடந்து போய் மீனைக் கொண்டுவந்து வாசலில் விற்பது அவர்கள் வழக்கம். சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற ஏற வண்டிகள் இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டன, சாலை அகலமானது, அப்புறம் ஒரு நாள் மீன் விற்கிறவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றாகிவிட்டது. 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, கடைகளை அப்புறப்படுத்த மாநகராட்சி இறங்கியது, மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தார்கள், நல்ல கட்டடம்தான், நானும் போய் சங்கரா வாங்கியிருக்கிறேன். ஆனால் வரிசை மாறிப்போனதைக் கவனியுங்கள். முதலில் இருந்தது குப்பம், அப்புறம் வந்தது சாலை, கடைசியில் ஆக்கிரமிப்பு என்ற பெயர் யாருக்கு வந்தது? இதற்கும் முன்னால் 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று படகுகளை அகற்றப் போய், துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். அதை மறக்காத தாத்தாக்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் போய் இது உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

இன்னொன்று, காருக்கே இதில் என்ன லாபம் என்று யோசித்தீர்களா? கிரீன்வேஸ் நெரிசலில் இருந்து தப்பித்துப் பாலத்தில் பறந்து பெசன்ட் நகர் கடற்கரையில் இறங்குகிறோம் என்று வையுங்கள். அங்கிருந்து திருவான்மியூர் போக வேண்டுமே. பெசன்ட் நகரின் குடியிருப்பு அவென்யூக்களில் புகுந்து, மறுபடியும் எல்.பி. சாலையிலோ கலாக்ஷேத்ரா பக்கமோதான் போய் நிற்க வேண்டும். சாயங்காலம் ஐஸ்கிரீம் சாப்பிட வந்தவர்களின் வண்டிக்கும் எலியட்ஸ் கடற்கரையில் ஓடுகிறவர்களுக்கும் நடுவே நான் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். நெரிசல் இடம் மாறும், அவ்வளவுதான். இதனால்தான் பெசன்ட் நகர் அபார்ட்மெண்ட்காரர்களும் இந்தப் பாலத்தை எதிர்க்கிறார்கள், குப்பத்துக்காரர்களும் எதிர்க்கிறார்கள். ஒரே பக்கம் நிற்கிறார்களே என்று இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். இவர்களுக்குத் தூக்கம் கெடும் என்ற கவலை, அவர்களுக்குத் தொழில் போகும் என்ற கவலை, நாளைக்கே குப்பத்தை மட்டும் தொட்டு அவென்யூவைத் தொடாத ஒரு திட்டம் வந்தால் இந்தக் கூட்டணி எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆமையைச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை இந்த மணலில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. 1988இல் இருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைக்கிறார்கள். குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான ஊரில் அது கடல், சோடியம் விளக்கு எரிகிற ஊரில் அது சாலை. 2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரை நெடுக ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள், முகத்துவாரத்தில் வரிசையாக விளக்குக் கம்பம் என்றால் கொஞ்சம் பதறத்தான் செய்வார்கள். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு 1991இல் முதலில் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டபோதும், ஆமை மாதிரி கடல் உயிர்கள் இனம் பெருக்கும் இடங்களை மிகவும் பாதுகாக்க வேண்டியவை என்றுதான் வைத்திருக்கிறது. அனுமதி கிடைக்காது என்று சொல்லமாட்டேன், இந்த நாட்டில் கிடைக்காத அனுமதி எது?

மூன்றாவது, சின்னது. பழைய பாலம் மாதிரியே ஒரு நடைபாலம். நடக்கலாம், சைக்கிள் போகலாம், கைவண்டி தள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

இதற்கு நியாயம் நிறைய இருக்கிறது. பெசன்ட் நகரில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு கரையிலும் சொந்தக்காரர் இருக்கிறவர்கள், வண்ணாந்துறை மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள், எல்லோருக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் சுற்று மிச்சம். ஆகஸ்ட் 29இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடி ஏறியதும் செப்டம்பர் 8 வரை காவி உடையோடு நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சாந்தோம் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே திரு.வி.க. பாலத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள், அவர்களுக்கு இது நேர்வழி. குப்பத்தில் பாலம் வேண்டும் என்கிறவர்களில் பெரும்பாலோர் கேட்பதும் இதைத்தான்.

எதிர்ப்பவர்கள் சொல்வதும் சும்மா இல்லை. இன்றைக்கு நடைபாலம், நாளைக்கு அகலப்படுத்துதல் என்பார்கள். ஒரு முறை பாலம் என்று ஒன்று நின்றுவிட்டால் அதன் பக்கத்தில் இன்னொன்று கட்டுவதற்கு அனுமதி வாங்குவது சுலபம், ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். லூப் சாலையைப் பார்த்தவர்கள் இப்படிப் பயப்படுவதை நான் எப்படிக் குறை சொல்வது? அப்புறம் இங்கே மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. நம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கில் இருந்து வடக்கே நகர்கிறது, துறைமுகம் கட்டியதும் தடுக்கப்பட்ட அந்த மணல் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது, தடைபட்டதால்தான் ராயபுரம் பக்கம் அரித்துப்போனது. அடையாற்றின் வாயிலும் அதே மணல் வந்து அடைக்கும், கோடையில் ஆற்றில் தண்ணீரும் இருக்காது, வாய் கிட்டத்தட்ட மூடிவிடும், அரசு பொக்லைன் விட்டுத் தோண்டித் திறக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடல் வருஷா வருஷம் இரண்டு கரைக்கும் நடுவே இலவசமாக ஒரு மணல் பாலம் போடுகிறது, நாம் செலவு செய்து அதை வெட்டிவிடுகிறோம். வெட்டித்தான் ஆக வேண்டும், 2015 டிசம்பரைப் பார்த்த யாரும் ஆற்றின் வாயை மூடி வைக்கச் சொல்லமாட்டார்கள். அதனால் நடைபாலம் என்றாலும் தூண்களை எவ்வளவு குறைவாக, எவ்வளவு தள்ளித்தள்ளி வைக்க முடியுமோ அப்படி வைக்க வேண்டும், முகத்துவாரத்தில் ஏறும் மடவையையும் இறாலையும் நம்பி வீச்சு வலை போடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

படகுச் சேவை விடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அலை உடையும் முகத்துவாரம், பாதி வருஷம் முழங்கால் தண்ணீர், மீதி வருஷம் இழுப்பு. அவர் கோயம்புத்தூர்க்காரர், மன்னித்துவிட்டேன்.

ஒன்றுமே கட்டாமல் பணத்தைப் பஸ்ஸில் போடுவது என்பதுதான் யாரும் பேசாத வழி. பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்தில் இருந்து தினகரன் சாலை, திரு.வி.க. பாலம், பெசன்ட் அவென்யூ வழியாக ஊரூர் குப்பத்தின் வாசல் வரை கால் மணிக்கு ஒரு மினி பஸ். விடியற்காலை நாலரைக்கு முதல் வண்டி, ஏனென்றால் மீன் ஒன்பது மணிக்குக் காத்திருக்காது. பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பது 2021இல் இருந்து இருக்கிறது, ஆனால் கூடை ஏற்றினால் முகம் சுளிக்காத கண்டக்டர் வேண்டும். அதே 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மீன்கார அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டு ஊரே பேசியது நினைவிருக்கும். மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ், அடையாறு, திருவான்மியூர் என்று என் வழியிலேயே வருகிறது, அது வந்தால் எனக்கு இந்தப் பாலத்தின் தேவையே போய்விடும். பாலம் வேண்டும் என்று கேட்கும் கார்க்காரர்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஆக என் முடிவு: மினி பஸ்ஸை நாளைக்கே விடலாம், அதற்குக் கடற்கரை அனுமதி எதுவும் தேவையில்லை. அதோடு நடைபாலம், ஆனால் இரண்டு குப்பத்துப் பஞ்சாயத்தும் சரி என்றால் மட்டும். கார்ப்பாலம் வேண்டாம். கடல் பாலம் வேண்டவே வேண்டாம்.

நடைபாலத்தின் அகலம் மூன்று மீட்டரைத் தாண்டக்கூடாது, விளக்கு கைப்பிடிக்குக் கீழே பாதத்தில் மட்டும் விழ வேண்டும், ஆமை வரும் மாதங்களில் அதுவும் அணைய வேண்டும் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி எழுதி வைத்திருந்ததை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பட்டினப்பாக்கத்தில் இருந்து வருகிறவர், ஊரூரில் அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், ஏறுகிற இடத்தில் படி வைப்பீர்களா, சரிவா. படி வைத்தால் முப்பது கிலோ கூடையோடு அவரால் ஏற முடியாது. சரிவு வைத்தால் மறுநாளே பைக் ஏறிவிடும். நடுவில் கம்பி நடலாம் என்றேன். அவர் என் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் பார்த்தார், போன மாதம் மந்தைவெளியில் நடைபாதைக் கம்பிகளுக்கு நடுவே நான் அதை நெளித்து ஓட்டிக்கொண்டு வந்ததை அவர் பார்த்திருக்கிறார்.